நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது...



திருவருகைக்கால மெழுகுதிரிகள் நான்கும் ஏற்றப்பட்டு, குடில் கட்டி முடித்து, கரோல் குழுவினர் வீடு வீடாகப் போய்வந்த களைப்பில் இருக்கும்போதே நம் பகுதிச் சாலைகள் நிரம்பத் தொடங்கிவிடுகின்றன. சென்னையிலும் திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊர் திரும்புகிறார்கள். வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவரை அழைத்துவர மன்னார்குடியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு வண்டி பேசுகிறோம். கேரளத்திலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வேளாங்கண்ணிக்கு வருகிறவர்கள் நம் ஊர்களைக் கடந்து போகிறார்கள். அதே நாட்களில் மாலை போட்ட ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும், மேல்மருவத்தூர் செல்லும் செவ்வாடைச் சகோதரிகளின் பேருந்துகளும் ஓடுகின்றன. டிசம்பர் 24-இல் தொடங்கும் இந்த ஓட்டம் தைப்பொங்கல் முடிந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பும் வரை ஓய்வதில்லை.

பாலன் இயேசுவைக் காணப் போகிறவர்கள் பத்திரமாக வீடு வந்து சேர்வதும் விழாவின் ஒரு பகுதிதான். ஆனால் இதைப் பற்றி மறையுரையில் அதிகம் கேட்பதில்லை. சாலை விதி என்றால் காவல்துறைக்காரர் பேச வேண்டிய விஷயம், பீடத்தில் பேச வேண்டியது அல்ல என்று நமக்குள் ஓர் எண்ணம் இருக்கிறது. இந்த எண்ணம் சரிதானா என்று பார்ப்போம்.

2023 ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு. திருச்சூர் பகுதியிலிருந்து வேளாங்கண்ணிக்குத் திருப்பயணிகளை ஏற்றிக்கொண்டு இரவு முழுவதும் வந்த பேருந்து, அதிகாலையில் ஒரத்தநாட்டுக்கு அருகே கவிழ்ந்தது. இறந்தவர்களில் ஒரு சிறுவனும் உண்டு. 2024 ஜனவரி 20 அன்று தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு வந்துகொண்டிருந்த வேன், சேதுபாவாசத்திரம் மனோரா அருகே பாலத்தின் சுவரில் மோதி 4 பேர் இறந்தார்கள். 2025 மே 4 அன்று கேரளத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு வந்த வேன் திருத்துறைப்பூண்டி அருகே அரசுப் பேருந்தின்மீது மோதியதில் 4 பேர். இவர்கள் யாரும் பொழுதுபோக்கப் போனவர்கள் அல்ல, அன்னையைத் தேடி வந்தவர்கள். நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். இந்த இடங்களெல்லாம் மன்னார்குடியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருப்பவை. நாம் பேருந்தில் போய்வரும் ஊர்கள்.

மொத்தக் கணக்கைப் பார்த்தால் மனம் கனக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர். இந்திய அளவில் அந்த ஆண்டு இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

திருச்சபை இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2007 ஜூன் 19 அன்று, குடிபெயர்ந்தோர் மற்றும் பயணிகளுக்கான திருப்பீட மேய்ப்புப்பணி அவை, சாலையில் மேய்ப்புப்பணி குறித்து ஒரு வழிகாட்டி ஏட்டை வெளியிட்டது. வாகனம் ஓட்டுவோருக்கான பத்துக் கட்டளைகள் அதில் இருந்தன. அதில் முதலாவது எது தெரியுமா? நாம் மறைக்கல்வியில் ஐந்தாவதாகப் படிக்கும் அதே கட்டளை: கொலை செய்யாதே. வாகனத்தை அதிகாரத்தையும் ஆணவத்தையும் காட்டும் கருவியாக்கக் கூடாது, சாலையில் பலவீனமானவரைப் பாதுகாக்க வேண்டும், விபத்தில் சிக்கிய குடும்பங்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்பவையும் அவற்றில் சில. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இன்னும் கடுமையாகவே பேசுகிறது. குடிபோதையாலோ வேகத்தின் மீதுள்ள மோகத்தாலோ தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்போர் கனமான குற்றத்துக்கு உள்ளாகிறார்கள் என்கிறது அதன் 2290-ஆம் எண். கவனியுங்கள், விபத்து நடந்தால்தான் குற்றம் என்று அது சொல்லவில்லை. ஆபத்து விளைவிப்பதே குற்றம்.

இணைச்சட்ட நூலில் (22:8) பலரும் வேகமாகக் கடந்துபோகும் ஒரு சிறு சட்டம் இருக்கிறது. புது வீடு கட்டுகிறவர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாததால் ஒருவர் விழுந்து இறந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். விழுந்தவர் கவனக்குறைவாக இருந்திருக்கலாம், இருட்டில் கால் தடுமாறியிருக்கலாம். ஆனாலும் சுவர் கட்டாதவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. தலைக்கவசம், எரிகிற பின்விளக்கு, தேயாத டயர், நெல் ஏற்றிய டிரெய்லரின் பின்னால் ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாம் நம் காலத்துக் கைப்பிடிச்சுவர்கள்தான். ஸ்டிக்கர் விலை எத்தனை ரூபாய் இருந்துவிடப் போகிறது?

இங்கே நம் பக்திப் பழக்கம் ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புது வண்டி வாங்கினால் கோவிலுக்குக் கொண்டுபோய் மந்திரிக்கிறோம். வேளாங்கண்ணிக்கே ஓட்டிப்போய் மந்திரிப்பவர்களும் உண்டு. முன்கண்ணாடியில் செபமாலை தொங்குகிறது, டேஷ்போர்டில் மாதா சுரூபம் இருக்கிறது. நல்ல பழக்கம்; விட வேண்டாம். ஆனால் "மாதா பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிக்கொண்டு வளைவில் முந்துகிறவர், எருசலேம் ஆலயத்தின் உச்சியில் அலகை இயேசுவிடம் சொன்னதைத்தான் செய்கிறார். கீழே குதியும், வானதூதர் தாங்கிக்கொள்வார்கள் என்றது அலகை. மறைநூலையே மேற்கோள் காட்டிச் சொன்னது. இயேசு குதிக்கவில்லை, ஆண்டவரைச் சோதிக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார் (மத் 4:5-7). வண்டியை மந்திரிக்கும்போது குருவானவர் வேண்டுவது ஓட்டுகிறவருக்கு விவேகமும், உடன் வருகிறவர்களுக்குப் பாதுகாப்பும்தான். பிரேக் பிடிக்காத வண்டிக்கு மந்திரிப்பு மாற்று அல்ல.

இரவும் தூக்கமும்

இனி நம் ஊர் நடைமுறைக்கு வருவோம். டிசம்பர் 24 அன்று ஒரு குடும்பத் தலைவரின் நாளை நினைத்துப் பாருங்கள். காலை 6 மணிக்கு எழுந்து கறிக்கடை, மாவு மில், துணிக்கடை என்று அலைகிறார். மாலையில் ஸ்டார் விளக்கைச் சரிசெய்கிறார். இரவு 11 மணிக்குக் குடும்பத்தோடு கோவிலுக்கு வருகிறார். திருப்பலி முடிந்து, குடிலில் பாலன் பாதம் முத்தி செய்து, வாழ்த்துச் சொல்லி வெளியே வரும்போது மணி ஒன்றரை. அவர் கண்விழித்து பத்தொன்பதரை மணி நேரம் ஆகிவிட்டது.

தூக்கத்தைப் பற்றி ஆராய்ந்தவர்கள் அளந்து சொல்லும் ஒரு செய்தி இது. 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மதுபானம் கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன. இந்தியச் சட்டம் வாகனம் ஓட்டுகிறவருக்கு அனுமதிக்கும் அளவு 0.03 விழுக்காடுதான். அதாவது ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல், நற்கருணை வாங்கிவிட்டு, செபித்துவிட்டு வண்டி எடுக்கும் அந்த நல்ல மனிதர், சட்டம் தடுத்து நிறுத்தும் குடிகாரரைவிட மோசமான நிலையில் இருக்கலாம். ஊதச் சொல்லும் கருவி அவரைக் காட்டிக்கொடுக்காது. அவருக்கே கூடத் தெரியாது.

அதிகாலை 2 முதல் 5 மணிவரை மனித உடல் இயல்பாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். டீ குடித்தாலும், முகம் கழுவினாலும், பாட்டு போட்டாலும் சிறிது நேரம்தான் தாங்கும். கண் இமைகள் மூன்று நான்கு விநாடி மூடித் திறக்கும்; ஓட்டுகிறவருக்குத் தாம் தூங்கியதே தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 4 விநாடியில் கிட்டத்தட்ட 90 மீட்டர் ஓடிவிடும். அந்த 90 மீட்டருக்கு வண்டியை ஓட்டுவது யார்?

பங்குப் பேரவைகள் இதற்கு ஏதாவது செய்ய முடியும். கிளைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் வாடகை வேனில் சேர்ந்து வரலாம். அதன் ஓட்டுநர் பகலில் தூங்கியவராக இருக்கும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். தொலைவிலிருந்து வந்தவர்கள் பள்ளி அறையிலோ பங்கு மண்டபத்திலோ பாய் விரித்துப் படுத்து, விடிந்த பிறகு கிளம்பலாம். முன்பு பேருந்து வசதி இல்லாத காலத்தில் பெரியவர்கள் இப்படித்தான் செய்தார்கள். அது வசதிக்குறைவால் வந்த பழக்கம் என்றாலும் புத்தியுள்ள பழக்கம். வயதானவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் 25-ஆம் தேதி காலைத் திருப்பலிக்கு வந்தால் பெருவிழாவுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

ஓட்டுநர் தம்பி எங்கே படுத்தார்?

வேளாங்கண்ணிக்கோ வேறு திருத்தலத்துக்கோ வண்டி பேசிப் போகிறோம். நாம் விடுதியில் அறை எடுக்கிறோம். ஓட்டுநர் வண்டியிலேயே படுக்கிறார், கொசுக்கடியில், சீட்டைச் சாய்த்துக்கொண்டு. கடற்கரை, கடைவீதி எல்லாம் பார்த்து முடித்து இரவு 2 மணிக்கு அவரை எழுப்பி, "தம்பி, கிளம்பலாமா? விடியறதுக்குள்ள ஊர் போயிடலாம்" என்கிறோம். அறை வாடகை ஒரு நாள் மிச்சம். வழியில் நாம் எல்லாரும் தூங்கிவிடுகிறோம். பதினைந்து பேருடைய உயிரைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் தூங்கக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம்.

புனித வளனார் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவிலேயே எகிப்துக்குப் புறப்பட்டார் (மத் 2:14). அவருக்கு இரவுப் பயணம் ஆபத்திலிருந்து தப்பும் வழியாக இருந்தது. நமக்கு அது வாடகையை மிச்சம் பிடிக்கும் வழியாகிவிட்டது. ஓட்டுநருக்கு ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, நம்மோடு ஒரு வேளைச் சாப்பாடு, குறைந்தது 6 மணி நேரத் தூக்கம் கொடுப்பது தானமல்ல. அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன். இன்றிரவு முடியாது, தூக்கம் வருகிறது என்று அவர் சொன்னால் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்படிச் சொல்கிற ஓட்டுநரை அடுத்த முறையும் கூப்பிடுங்கள்.

காவிரிப் படுகையின் சாலைகள்

நம் சாலைகளுக்கென்று தனிக் குணம் உண்டு. நகரத்தில் வண்டி ஓட்டிப் பழகிய பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து இங்கே ஓட்டும்போது அதை மறந்துவிடுகிறார்கள். மன்னார்குடியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் சாலை ஓர் ஆற்றையோ வாய்க்காலையோ ஒட்டி ஓடும் அல்லது கடக்கும். பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு, வடவாறு என்று தண்ணீரின் நடுவே வாழ்கிறோம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பதாலும், வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீடிப்பதாலும், கிறிஸ்மஸ் சமயத்தில் இவற்றில் தண்ணீர் நிறைந்து ஓடும். வெளிநாட்டில் குளிர்கால விடுமுறை என்றால் பனிக்கட்டியில் வண்டி சறுக்குமே என்று பயப்படுகிறார்கள். நமக்குப் பயம் வேறு: கரை, தடுப்புச்சுவர் இல்லாத வளைவு, நனைந்து இளகிய சாலையோரம். எதிரே பேருந்து வரும்போது ஒதுங்குகிறேன் என்று ஓரத்து மண்ணில் சக்கரத்தை இறக்கினால் அது உள்வாங்கும். வேகத்தைக் குறைத்துவிட்டு ஒதுங்க வேண்டும், ஒதுங்கிவிட்டு அல்ல.

கார் தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கதவைத் திறக்கப் போராடக் கூடாது, வெளியே இருக்கும் நீரின் அழுத்தம் திறக்க விடாது. கார் மிதக்கும் முதல் சில நொடிகளில் சீட் பெல்ட்டைக் கழற்றி, சன்னல் கண்ணாடியை இறக்கி, முதலில் பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டு அதன் வழியே வெளியேற வேண்டும். தொலைபேசியில் யாரையும் அழைப்பதெல்லாம் கரையேறிய பிறகு.

மார்கழி, தை மாதங்களின் மூடுபனி இன்னொன்று. வயல்வெளி ஈரமும் விடியற்காலைக் குளிரும் சேர்ந்து சாலையில் வெள்ளைத் திரை போட்டதுபோல் இருக்கும். வடுவூர் ஏரி போன்ற நீர்நிலை ஓரங்களில் இது அடர்த்தி. பனியில் விளக்கை பிரைட்டில் வைத்தால் ஒளி பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். டிம்மில்தான் சாலை தெரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஒரு விநாடி போய்விடும். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகமே சரியான வேகம், பலகையில் எழுதியிருப்பது எதுவானாலும். முன்னே எதுவும் தெரியவில்லை என்றால் பெட்ரோல் பங்கு, கடைவாசல் மாதிரி சாலையை விட்டு விலகிய இடத்தில் நிறுத்திக் காத்திருக்கலாம். சாலையோரத்திலேயே நிறுத்தினால் பின்னால் வருகிறவர் நம்மைப் பார்க்கமாட்டார்.

பனிக்குள் என்னவெல்லாம் இருக்கும்? மழைக்காலத்தில் காய்ந்த இடம் தேடி நடுரோட்டில் படுத்திருக்கும் மாடுகள். பொங்கல் நெருங்கும்போது கரும்பு ஏற்றிய வண்டிகள். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் அறுவடை இயந்திரங்கள், கொள்முதல் நிலையத்தின் வாசலில் வரிசையாக நிற்கும் விளக்கில்லாத டிரெய்லர்கள், சாலையின் பாதியில் காயவைத்து, தார்ப்பாய் மூடி, சுற்றிலும் கருங்கல் அடுக்கிய நெற்குவியல்கள். களம் இல்லாத விவசாயி வேறு எங்கே காயவைப்பார் என்று கேட்டால் பதில் இல்லைதான். ஆனால் அந்தக் கருங்கல்லில் ஏறி விழுகிற இளைஞன் நம் பங்கின் பையனாக இருக்கலாம். கல்லுக்குப் பதில் மணல் மூட்டை வைக்கலாம். இரவில் குவியலின் இரு முனையிலும் ஒளிரும் பட்டை கட்டிய கம்பு ஊன்றலாம். கைப்பிடிச்சுவர் கட்டும் கடமை கார் வைத்திருப்பவருக்கு மட்டும் உரியதல்ல.

நடந்து போகிறவர்களையும் நினையுங்கள். 2024 ஜூலை 17 அதிகாலையில், சமயபுரத்துக்கு நடந்துபோன பக்தர்கள்மீது தஞ்சாவூர்–திருச்சி நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே சரக்கு வாகனம் மோதி 5 பேர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிற நம்மவர்களுக்கும் இது நேரக்கூடியதே. காவியோ பச்சையோ, இருட்டில் துணியின் நிறம் தெரியாது. ஒளிரும் பட்டை ஒன்று குறுக்கே அணிந்து, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலப்புறமாக ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும்.

பைக்கில் நான்கு பேர்

அப்பா, அம்மா, முன்னால் டேங்க்கில் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை. பெருவிழா இரவில் எந்தப் பங்கிலும் காணக் கிடைக்கும் காட்சி. புதுப் புடவை கசங்கிவிடும், தலைமுடி கலைந்துவிடும் என்று தலைக்கவசம் வீட்டிலேயே இருக்கும். இந்தியாவில் 2022-இல் தலைக்கவசம் அணியாததால் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் தலைக்கவசம் வேண்டும் என்பது சட்டம். கிறிஸ்மஸ் தாத்தா தருகிற பரிசு இந்த ஆண்டு சிறிய தலைக்கவசமாக இருந்தால் என்ன?

பதினாறு வயது மகனிடம் சாவியைக் கொடுத்து, "கேக் வாங்கிட்டு வந்துடு" என்று அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறையாதவர் ஓட்டினால் பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அபராதத்தைக் கட்டிவிடலாம். அவன் மோதிய முதியவரின் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது?

குடியைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை, எல்லாரும் அறிந்ததே. கிறிஸ்மஸ் என்றால் மது என்று சிலர் ஆக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். விருந்து கொடுக்கும் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று: குடித்த விருந்தாளியின் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்வார், மறுநாள் காலை வந்து வாங்கிக்கொள்வார்.

எரிகோ சாலையில்

எல்லாக் கவனத்தையும் மீறி விபத்து நடக்கலாம். அடிபட்டவரைப் பார்த்துவிட்டு விலகிப்போன குருவையும் லேவியரையும் நாம் எளிதில் குறை சொல்கிறோம் (லூக் 10:31-32). நம்மில் பலர் நிறுத்தாமல் போவதற்குக் காரணம் கல்மனம் அல்ல, போலீஸ், கோர்ட் என்ற பயம். அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களைக் காக்கும் வழிமுறைகளுக்கு ஒப்புதல் அளித்தது. 2019 சட்டத்திருத்தத்தில் 134-ஏ பிரிவாக அது சட்டமே ஆகிவிட்டது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவர் தம் பெயரையோ முகவரியையோ சொல்லக் கட்டாயமில்லை. அவர் மீது வழக்கும் வராது.

நல்ல சமாரியர் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். நமக்கு அந்தச் செலவும் குறைவு. 2021 டிசம்பர் 18 அன்று தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், தொடக்கத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஏற்றுக்கொண்டது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம், ஏழு நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. நாம் செய்ய வேண்டியது 108-ஐ அழைப்பது. ஊர்ப்பெயரோடு பக்கத்தில் உள்ள பாலம், கோவில், கிலோமீட்டர் கல் ஏதாவது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். "வயல் ஓரத்தில்" என்றால் நம் பகுதியில் எல்லா இடமும் வயல் ஓரம்தான். அடிபட்டவர் தலைக்கவசம் அணிந்திருந்து மூச்சு விடுகிறார் என்றால் அதைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். இரத்தம் வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பின்னால் வரும் வண்டிகளை ஒருவர் நின்று கையசைத்து மெதுவாக்க வேண்டும்.

கடைசியாக, சாலையில் உறவை இழந்த குடும்பங்கள். ஒவ்வொரு பங்கிலும் ஒன்றோ இரண்டோ இருக்கும். உலக அளவில் நவம்பர் மூன்றாம் ஞாயிறு சாலை விபத்தில் இறந்தோரை நினைவுகூரும் நாள். 2005-இல் ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்றுக்கொண்டது. இறந்தோர்க்காகச் செபிக்கும் நவம்பர் மாதத்திலேயே அது வருவதால், அந்த ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில் அவர்களின் பெயர்களைச் சேர்க்கும்படி பங்குத்தந்தையிடம் கேட்கலாம். கிறிஸ்மஸ் அன்று அந்த வீட்டில் ஸ்டார் தொங்காது, பலகாரம் சுட்டிருக்க மாட்டார்கள். கரோல் குழு அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடாமல், மேளத்தை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய் அமைதியான பாடல் ஒன்றைப் பாடிச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.